மறைத்த மாத்திரை

வலிப்புக்கான வால்ப்ரோயேட் மாத்திரை 1967இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பத்தில் அதை உட்கொண்டால் குழந்தையின் முதுகெலும்பு முழுதாக மூடாமல் போகலாம் என்று 1982இல் லியோன் நகர ஆய்வு எச்சரித்தது. இம்மருந்தால் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வருவதாக இன்று அறிகிறோம்.

எச்சரிக்கை வந்த காலத்தில் இங்கே ஒரு சட்டம் குறுக்கே நின்றது. 1976இல் திருத்தப்பட்ட இந்துத் திருமணச் சட்டம், அடிக்கடி வலிப்பு வருபவருக்குத் திருமணத் தகுதியை மறுத்தது. 1999இல்தான் ‘வலிப்பு’ என்ற சொல் அதிலிருந்து நீங்கியது.

கொங்கு வீடுகளில் பெண் பார்க்க வரும்போது அது இன்னும் நீங்கவில்லை. நோயை மறைத்து மணமுடித்தவள் மாத்திரையையும் மறைக்கிறாள். கருவுறுமுன் மருந்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வழியில்லை. பயந்து திடீரென நிறுத்தினால் வலிப்பே உயிரைக் குடிக்கலாம். சட்டம் 23 ஆண்டுகள் துணைநின்ற மறைப்பு இது. விலை கொடுப்பவள் பெண்.