பறந்து வந்த குண்டும் சுட்டு வீழ்த்திய செலவும்: லண்டன், 1944

ஆளில்லா விமானத் தாக்குதல் என்றால் நம் காலத்துப் பிரச்சினை என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால், 1944 ஜூன் 13ஆம் தேதியே ஜெர்மனியின் வி-1 என்ற பறக்கும் குண்டு லண்டனில் விழுந்துவிட்டது. இன்றைய டிரோன் போல அதை நடுவழியில் திருப்ப முடியாது. புறப்படும்போது வைத்த திசையிலேயே போய் விழும், அவ்வளவுதான். சுமார் 850 கிலோ வெடிமருந்து, மணிக்கு 600 கிலோமீட்டர் வேகம். எரிபொருளோ மட்டரகப் பெட்ரோல்!

இங்கேதான் கணக்கு இடிக்குது. அதைத் துரத்திப் பிடிக்க, பிரிட்டிஷ் போர் விமானங்களுக்கு 150 ஆக்டேன் உயர்ரகப் பெட்ரோல் ஊற்றி இஞ்சினை முடுக்க வேண்டியிருந்தது. பீரங்கிப் படையின் நிலை இன்னும் மோசம். தொடக்கத்தில் ஒரு வி-1 விழ ஏறக்குறைய 2,500 எறிகணைகள் செலவாயின. பீரங்கிகளுக்கு எட்டிய குண்டுகளில் சிறு பங்குதான் வீழ்ந்தன. அப்படி வீழ்த்தியதும் லண்டனுக்குத் தெற்கே, ஊர்களின் மேல் விழுந்து வெடித்ததே!

ஜூலை நடுவில் பீரங்கிகளை அப்படியே பெயர்த்துத் தெற்குக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். என் பார்வையில், இந்தப் போராட்டத்தின் திருப்புமுனை இதுதான். அங்கே சுட்டால் குண்டு கடலில் விழும். நம் விமானம் குறுக்கே வருமே என்ற பயமும் இல்லை. அதே சமயம் அமெரிக்க ரேடாரும் புதுவகை எறிகணையும் வந்து சேர்ந்தன. எறிகணைக்குள் இருந்த சின்ன வானொலிக் கருவி, இலக்கை நெருங்கியதும் தானாகவே வெடிக்கச் செய்யும். ஆகஸ்டு இறுதியில் 74 விழுக்காடு. ஒரு வி-1க்குச் சராசரியாக 100 எறிகணைகளே போதும் என்றானது.

"பிரிட்டன் வென்றது" என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீங்க. அந்த ஆண்டின் இறுதியில் பிரிட்டனே போட்ட கணக்குப்படி, ஜெர்மனி செலவழித்ததைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு நேச நாடுகளுக்குச் செலவு. அப்படியும் வி-1 குண்டுகளால் பிரிட்டனில் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். பிரான்சிலிருந்த ஏவுதளங்களை நேச நாட்டுத் தரைப்படை செப்டம்பர் தொடக்கத்தில் பிடித்த பிறகே முதன்மைத் தாக்குதல் ஓய்ந்தது. அதற்காகத் தற்காப்பே வீண் என்றும் எழுத முடியாது. விழாமல் தடுத்த குண்டுகள் லண்டனில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இந்தச் செலவுக் கணக்கு இன்னும் தீரவில்லை. 2024இல் பிரிட்டன் சோதித்த டிராகன்ஃபயர் லேசர், மின்சாரத்தால் சுடுகிறது. ஒருமுறை சுட 10 பவுண்டுக்கும் குறைவு என்கிறது அந்நாட்டுத் தற்காப்பு அமைச்சு. ஆனால் மேகமும் மழையும் லேசரின் வலுவைக் குறைத்துவிடும். வி-1 குண்டுகளோ மேகம் மூடிய நாளிலும் வந்துகொண்டுதான் இருந்தன.