'சர்ச்' என்னும் சொல்லும் அதன் வரலாறும்

ஆங்கில மொழியில் 'சர்ச்' என்னும் சொல் நாள்தோறும் வழங்குவது. சாலையோரத்தில் நிற்கும் கட்டடமும் சர்ச். அதனுள் நடைபெறும் ஆராதனையும் சர்ச். ஒருவர் சர்ச்சுக்குள் நுழைகிறார் என்றால், சில வேளைகளில் அவர் குருத்துவப் பணியை ஏற்கிறார் என்பதே பொருள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு என்னும் பிரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு சர்ச். அரசுக்கு எதிரே வைத்துப் பேசப்படும் நிறுவனமும் சர்ச். விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடும் பரிசுத்த பொதுச் சபையும் சர்ச்சே. ஒரே சொல் இத்தனை பொருள்களைச் சுமப்பது அகராதியாளரின் கவலை மட்டுமன்று. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இச்சொல்லைப் பற்றிய வழக்கு, பெரும் அறிஞர் இருவரை எதிரெதிரே நிறுத்தியது. இறையியல் பயில்வோர் அவ்வழக்கை அறிந்திருத்தல் நலம்.

இச்சொல்லின் மூலம் கிரேக்கம் என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. 'கூரியாக்கோன்' என்றால் ஆண்டவருக்குரியது; ஆண்டவருடைய இல்லம் என்னும் பொருளில் அது வழங்கிற்று. செர்மானிய மொழிகள் இதனை ஏற்றன. செர்மனின் 'கிர்க்கே', ஸ்காட்லாந்தியரின் 'கிர்க்', ஆங்கிலத்தின் 'சர்ச்' ஆகியன இவ்வழியில் வந்தவை. ஆகவே சர்ச் என்னும் சொல் பிறப்பிலேயே கட்டடத்தோடு உறவுடையது.

புதிய ஏற்பாட்டில் சபையைக் குறிப்பதோ 'எக்ளேசியா' என்னும் வேறு சொல். கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடிய பேரவைக்கு அதுவே பெயர். எபிரெய மறையில் இஸ்ரவேலர் கூடிய கூட்டத்தைக் குறிக்கும் 'காகால்' என்னும் சொல்லைச் செப்துவசிந்தா மொழிபெயர்ப்பாளர் பல இடங்களில் எக்ளேசியா என்றே பெயர்த்தனர். அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில், எபேசு அரங்கில் கூச்சலிட்ட கூட்டத்திற்கும் இதே சொல் வருகிறது. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்போர் வீட்டில் கூடிய சபைக்கும் பவுல் இதையே எழுதுகிறார். புதிய ஏற்பாட்டில் எங்கும் இச்சொல் கட்டடத்தைக் குறிக்கவில்லை.

1526இல் வில்லியம் டிண்டேலின் ஆங்கிலப் புதிய ஏற்பாடு செர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாயிற்று. எக்ளேசியா வந்த இடங்களில் அவர் 'சர்ச்' என்று எழுதாமல், கூடிவந்த மக்கள் எனப் பொருள்படும் 'காங்கிரிகேஷன்' என்னும் சொல்லை இட்டார். 'சர்ச்' என்னும் சொல்லை அவர் அறவே விலக்கிவிடவில்லை. நடபடிகள் 14ஆம், 19ஆம் அதிகாரங்களில் புறமதத்தாரின் கோயில்களைக் குறிக்க அதனை எடுத்தாண்டார். அவர் செவியில் அச்சொல் எப்படி ஒலித்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சர் தாமஸ் மோர் 1529இல் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். எந்தக் கூட்டத்தையும், கிறிஸ்தவரல்லாதார் கூட்டத்தையும்கூட, காங்கிரிகேஷன் எனலாம்; சர்ச் என்பதோ தலைமுறை தலைமுறையாக வந்த கிறிஸ்தவ மக்களின் பெயர் என்பது அவர் வாதம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1531இல் டிண்டேல் மறுமொழி எழுதினார். மக்கள் கூடும் இடம், குருமார் கூட்டம், கிறிஸ்துவின் பெயர் தரித்த அனைவர், தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர் எனச் சர்ச் என்னும் சொல்லின் பொருள்களை அவர் வரிசைப்படுத்தினார். அனைவருக்கும் உரிய பெயரைக் குருமார் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர் என்பது அவர் குற்றச்சாட்டு. மோரின் நண்பர் எராஸ்மஸும் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இத்தகைய சொல்லையே ஆண்டிருக்க, அவரை மட்டும் கண்டிக்காதது ஏன் என்றும் வினவினார்.

இங்கிலாந்துச் சபைக்கு எட்டாம் ஹென்றி மன்னரே தலைவர் என ஏற்க மறுத்த மோர் 1535இல் தலை துணிக்கப்பட்டார். டிண்டேல் 1536இல் பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டேயில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். சபை யாருடையது, அதன் தலைவர் யார் என்னும் வினாவுக்கு இருவரும் உயிரையே விடையாக அளித்தனர்.

1539இல் வெளிவந்த பெரிய வேதாகமம் டிண்டேலின் சொல்லையே கொண்டது. 1560இல் வந்த ஜெனீவா வேதாகமம் 'சர்ச்' என்பதற்குத் திரும்பிற்று. ஜேம்ஸ் மன்னர் ஏற்படுத்திய மொழிபெயர்ப்பாளருக்கு இடப்பட்ட விதிகளுள் ஒன்று, பழைய சபைச் சொற்களைக் காக்க வேண்டும், சர்ச்சைக் காங்கிரிகேஷன் என்று பெயர்த்தலாகாது என்பதாகும். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் டிண்டேலின் நடை பெரும்பகுதி நிலைத்தது. இச்சொல் மட்டும் நிலைக்கவில்லை. ஆயினும் ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளுள் 19ஆவது, காணக்கூடிய சர்ச் யாதெனில் விசுவாசிகளின் காங்கிரிகேஷன் என்றே வரையறுக்கிறது. தோற்ற சொல் விளக்கமாக மீண்டது.

தமிழில் இக்குழப்பம் குறைவு. ஆலயம், கோயில் என்பன இடத்தைக் குறிக்கின்றன. சபை, திருச்சபை என்பன மக்களைக் குறிக்கின்றன. டிண்டேல் போராடிப் பெற முயன்ற வேறுபாடு நம் வேதாகம வாசகருக்கு எளிதில் கிட்டியுள்ளது. எனினும் நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. சபை என்னும் சொல்லும் இன்று பல பொருள்களைச் சுமக்கிறது. "சபை தீர்மானித்தது" என்று எழுதும்போது பல வேளைகளில் தீர்மானித்தது ஒரு குழுவே. "சபை ஏழைகளைக் கவனிப்பதில்லை" என்று கூறும் விசுவாசி, தம்மை வெளியே நிறுத்திக்கொண்டு குருமாரைச் சுட்டுகிறார். டிண்டேல் கண்ட பழைய பிணி, நல்ல மொழிபெயர்ப்பு இருந்தும் திரும்பி வருகிறது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. காங்கிரிகேஷன் என்னும் சொல்லையே தம் பெயராகக் கொண்ட மரபினரும், ஆங்கிலிக்கன் மரபினரும், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்டு மரபினருடன் அங்கே இணைந்தனர். மோர் காக்க முயன்ற தொடர்ச்சியும், டிண்டேல் மீட்க முயன்ற மக்கள் உரிமையும் ஒரே திருச்சபையில் இடம்பெற வேண்டும் என்பது அவ்விணைப்பில் அடங்கிய கடமை. பிரசங்க பீடத்தில் 'சபை' என்னும் சொல்லை உச்சரிக்குமுன், எப்பொருளில் உச்சரிக்கிறோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்போரும் அச்சொல்லில் தம்மைக் காணும்படி பேசுவது போதகரின் பொறுப்பு.