கை மாறிய ஸதகா

நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாட்கள் இருக்கையில் எங்களூர்ச் செல்வர் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். முகத்தில் கோபம், கையில் ஒரு சேலை. அவர் ஜகாத்தாக வழங்கிய சேலைகளுள் ஒன்றைப் பெற்றுச் சென்ற விதவைப் பெண்மணி, மறுநாளே அதைக் கடைத்தெருவில் பாதி விலைக்கு விற்றுவிட்டாராம். கடை வாசலில் அது தொங்கக் கண்ட செல்வர், தம் தருமம் அவமதிக்கப்பட்டுவிட்டதாகக் கருதி, தாமே விலை கொடுத்து அதை மீட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆலிம்சா, தருமமாக வாங்கியதை விற்பது ஹராம் இல்லையா? இனி அந்த அம்மாளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

"உட்காருங்கள். முதலில் உமர் (ரலி) அவர்களுடைய குதிரையின் கதையைக் கேளுங்கள்" என்றேன். அன்று திண்ணையில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு குதிரையை இறைவழியில் போரிடுவதற்காக ஒருவருக்கு வழங்கினார்கள். பெற்றவர் அதைச் சரிவரப் பேணவில்லை. குதிரை மெலிந்தது; விற்பனைக்கும் வந்தது. மலிவாகக் கொடுத்துவிடுவார் என்றெண்ணிய உமர் (ரலி), அதைத் தாமே வாங்கிக்கொள்ள விரும்பி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். ஒரு திர்ஹத்துக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என நபியவர்கள் தடுத்தார்கள். கொடுத்த ஸதகாவை நோக்கித் திரும்புகிறவனை, தான் கக்கியதையே மீண்டும் தின்னும் நாய்க்கு ஒப்பிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

இதை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். ஆனால் இதில் கண்டிக்கப்பட்டவர் யார் என்பதை எத்தனை பேர் நின்று கவனித்தோம்? குதிரையைப் பட்டினி போட்டவர் ஒருவர். அதை விற்க முன்வந்தவரும் அவரே. அவர் மீது ஒரு கடுஞ்சொல்லும் இந்த ஹதீஸில் இல்லை. அவருடைய விற்பனை செல்லாது என்றும் சொல்லப்படவில்லை. எச்சரிக்கை முழுவதும் கொடுத்தவரை நோக்கியே வருகிறது. அதுவும் உமரைப் போன்ற ஒருவரை நோக்கி! அந்தக் குதிரை வக்பாக விடப்பட்டதன்று, பெற்றவருக்கே உடைமையாக்கப்பட்டது என்று சட்ட அறிஞர் பெரும்பாலோர் இதிலிருந்தே முடிவு செய்தனர். வக்பாயிருந்தால் விற்க வழியேது?

கொடுத்தவர் ஏன் வாங்கக் கூடாது என்பதற்கு விரிவுரையாளர்கள் கூறும் காரணம் நுட்பமானது. தனக்கு உபகாரம் செய்தவரிடம் ஏழை கண்டிப்பாக விலை பேசமாட்டான். கூச்சப்பட்டுக் குறைத்துக் கொடுப்பான். குறைத்த அந்தத் தொகையளவு, ஸதகாவின் ஒரு பகுதி கொடுத்தவர் பைக்கே திரும்பிவிடுகிறது. பொருள் கொடுத்தவரிடம் திரும்புவதே குற்றமன்று. தாய்க்கு ஓர் அடிமைப் பெண்ணை ஸதகாவாகக் கொடுத்த ஒரு பெண்மணி, தாய் இறந்தபின் வந்து கேட்டபோது, கொடுத்ததற்கான கூலி உறுதியாகிவிட்டது, வாரிசுரிமை அவளை உன்னிடம் திருப்பித் தந்துவிட்டது என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். ஏழையின் கூச்சத்தில் லாபம் காண்பதுதான் குற்றம்.

பரீரா (ரலி) அவர்களின் இறைச்சியும் இதையே தெளிவாக்கும். அன்னை ஆயிஷா (ரலி) விடுதலை செய்த பெண்மணி அவர். அவருக்கு ஒருநாள் ஸதகாவாக இறைச்சி வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வந்தபோது அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவர்கள் முன் வைக்கப்பட்டதோ ரொட்டியும் வீட்டிலிருந்த வேறு தொடுகறியும். சட்டியில் இருப்பது பரீராவுக்கு வந்த ஸதகா; தாங்களோ ஸதகா உண்பதில்லையே என்றனர் வீட்டார். அவளுக்கு அது ஸதகா, நமக்கு அவள் தரும் அன்பளிப்பு என்ற பொருளில் நபியவர்கள் விடை தந்தார்கள். அதே இறைச்சி, அதே சட்டி. கை மாறியதும் பெயர் மாறிற்று. கொடுத்தவரின் நிழல்கூட அதன் மேல் இல்லை. பரீரா அதை உண்ணலாம், அளிக்கலாம், விற்கவும் செய்யலாம்.

செல்வர் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "இருந்தாலும் உடுத்தக் கொடுத்ததை உடுத்த வேண்டாமா?" என்றார். நான் சேலையை விரித்துப் பார்த்தேன். நம்மூர்க் கடைகளில் 'ஜகாத் சேலை' என்றே தனியாக ஓர் அடுக்கு உண்டென்பது வாசகர்களுக்குத் தெரியும். தம் வீட்டுப் பெண்டிருக்கு எடுக்கப் போகிறவர் எவரும் அந்த அடுக்கின் பக்கம் திரும்பார்.

மதீனாப் பள்ளியில் திண்ணைத் தோழர்கள் பசித்திருந்த காலம். அன்ஸாரிகள் தத்தம் தோட்டத்துப் பேரீச்சங்குலைகளைக் கொண்டுவந்து பள்ளியில் தொங்கவிடுவர்; பசித்தவர் அதைக் கோலால் தட்டி உதிரும் பழத்தை உண்பர். நன்மையில் நாட்டம் குறைந்த சிலரோ சூம்பிப்போன காய்களையும் ஒடிந்த குலைகளையும் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டாலன்றித் தாங்கள் வாங்கமாட்டாத பொருளைத் தருமமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்று எச்சரிக்கும் அல்பகறா அத்தியாயத்து வசனம் இதனையொட்டியே இறங்கியது என்பது பராஉ (ரலி) அவர்களின் அறிவிப்பு. 2004 டிசம்பரில் கடல் கொண்டபின் நாகப்பட்டினம் பக்கம் சென்றவர்கள், உடுத்த முடியாத பழந்துணிகள் தெருவோரம் குவிந்து கிடந்ததைக் கண்டிருப்பர். அவையும் தருமம் என்ற பெயரில் ஏற்றி அனுப்பப்பட்டவைதாம்.

ஆக, விற்ற ஏழை மீது குற்றமில்லை. ஆனால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறாரே, அவர் நிலை வேறு. அஸ்து குலத்தவரான இப்னுல் லுத்பிய்யா என்பவர் பனூ ஸுலைம் கூட்டத்தாரின் ஜகாத்தைத் திரட்ட அனுப்பப்பட்டார். திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு எனப் பிரித்து வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் இதைத் தனியே அழைத்துச் சொல்லி முடித்துவிடவில்லை, மிம்பரில் ஏறினார்கள். அவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இது அவரைத் தேடி வந்திருக்குமா என மக்கள் முன் கேட்டார்கள். உமருக்கு ஓர் உவமை போதுமாயிருந்தது. நடுவில் நின்றவருக்கோ ஒரு குத்பாவே தேவைப்பட்டது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டின் இறுதி ஹஜ்ஜில் நபியவர்கள் நூறு ஒட்டகங்களைக் குர்பானி கொடுத்தார்கள். அறுபத்து மூன்றைத் தம் கையாலேயே அறுத்து, எஞ்சியவற்றை ஹள்ரத் அலி (ரலி) அவர்களிடம் விட்டார்கள். இறைச்சி, தோல், ஒட்டகத்தின் மேல் போர்த்தியிருந்த துணி ஆகிய அனைத்தையும் தருமம் செய்யுமாறும், அறுத்து உரித்தவருக்குக் கூலியாக அதிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாதென்றும் கட்டளையிட்டார்கள். கூலியை எங்கள் கையிலிருந்தே கொடுப்போம் என்கிறார்கள் அலி (ரலி).

குர்பானித் தோலைக் கொடுப்பவர் விற்கவே கூடாது, பெற்ற ஏழை விற்கலாம் என்பது ஷாபிஈ மத்ஹபு. வீட்டில் நிலைத்துப் பயன்படும் பொருளுக்கு அதை மாற்றிக்கொள்ளலாம், காசுக்கு விற்றால் அக்காசை ஸதகா செய்துவிட வேண்டும் என்பது ஹனபி மத்ஹபு. காயல்பட்டினம், கீழக்கரைக்காரர் முன்னதையும் உள்நாட்டார் பின்னதையும் பின்பற்றுவர். ஆனால் இரு சாராரும் தோலை மதரஸாவுக்கே அனுப்பினர். மதரஸா நிர்வாகி அதை மண்டியில் விற்க, அது வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பதனிடும் சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாளன்று சைக்கிளில் வீடு வீடாகச் சென்று இரத்தம் சொட்டும் தோலைச் சுமந்து வந்து, உப்புத் தடவி அடுக்கிய மாணவர்களுள் நானும் ஒருவன். எனக்கு ஏழாண்டு சோறு போட்டது அந்தத் தோல்தான்; அதில் எனக்கு வெட்கமில்லை. ஏழை மாணவன் அதற்கு உரியவனே.

வெட்கப்பட வேண்டியது அதன்பின் வந்தது. நான் முதன்முதலில் உஸ்தாதாகப் பணியேற்ற மதரஸாவில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி நின்றது. பெருநாள் கழிந்து தோல் விற்ற பணம் வந்ததும், சம்பளத்தைத் தீர்த்துவிடுவதாகச் சொன்னார்கள். தோல் பணமும் ஜகாத்தும் ஏழைக்கே உடைமையாக வேண்டும். வேலைக்குக் கூலியாகக் கொடுக்க முடியாது. அதற்கு 'ஹீலா' என்றொரு வழி. ஏழை மாணவன் ஒருவன் கையில் பணத்தைக் கொடுப்பது. அவன் அதை மதரஸாவுக்கு அன்பளிப்பாகத் திருப்பித் தருவது. பருவமெய்தாதவன் கொடுத்தால் செல்லாது என்பதால், பெரிய மாணவனாகப் பார்த்து அழைத்தார்கள். "இது உன் பணம்" என்று கட்டை அவன் கையில் வைத்தார்கள். அவன் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, "ஹள்ரத், இதில் கொஞ்சம் எங்கம்மாவுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டான்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் முகம் சிவந்து பணத்தை மேசை மேல் வைத்தான். அன்று மாலை என் மூன்று மாதச் சம்பளம் கிடைத்தது.

நெருக்கடியில் இந்த ஹீலாவை அனுமதித்த ஆலிம்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பணம் மெய்யாகவே அவனுடையதாகியிருந்தால் எங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. பரீராவின் சட்டியில் கொதித்தது பரீராவுடையது. இந்தப் பையன் கையிலிருந்த கட்டு ஒரு நொடிகூட அவனுடையதாகவில்லை. அலி (ரலி) அவர்கள் உரித்தவருக்குக் கொடுக்க மறுத்த கூலியை நான் வாங்கிக்கொண்டேன். பின்னர் பணியாற்றிய இடங்களில் சம்பளக் கணக்கும் மாணவர் கணக்கும் தனித்தனியே உண்டா என்று முதலில் கேட்டுவிட்டே சேர்ந்தேன். இதனால் இரண்டு இடங்கள் தவறியும் போயின.

இன்று அந்தத் தோலுக்கும் மதிப்பில்லை. சென்ற பத்தாண்டுகளில் விலை வீழ்ந்து, ஆட்டுத்தோலைக் குழிதோண்டிப் புதைத்த ஊர்களும் உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு ஸதகாவாக வந்த ஆடு செத்துப்போய்த் தூக்கியெறியப்பட்டபோது, அதன் தோலை எடுத்துப் பதப்படுத்திப் பயன்கொண்டிருக்கலாமே, உண்பதுதானே விலக்கு என்று கேட்ட நபியின் சமுதாயம் நாம். எறிந்ததை எடுத்துப் பயன்படுத்துபவனை இழிவாகப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ!

செல்வர் எழுந்தார். "அப்படியானால் நான் இதை வாங்கியது பாவமா?" என்று கேட்டார். இல்லை, பொருள் மூன்றாமவர் கைக்குப் போனபின் அவரிடமிருந்து வாங்குவதில் வெறுப்பில்லை என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள், கடைக்காரர் உங்களுக்காகக் கூச்சப்பட்டிருக்கமாட்டார் என்றேன். அவர் சிரித்தார். "இதை என்ன செய்ய?" என்றார். உமர் (ரலி) அவர்களின் மகனார், தாம் ஸதகா செய்த பொருளைத் தாமே வாங்க நேர்ந்தால், அதை மீண்டும் ஸதகாவாக்கிவிடுவது வழக்கம் என்றேன்.

சேலையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். கடைத்தெருப் பக்கம் போகாமல், அந்த அம்மாளின் வீடு இருக்கும் தெருவுக்குள் திரும்பினார். பிறகு அதைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை.