வலி தணிப்பை அளத்தல்: புற்றுநோய் வலி மேலாண்மைக் குறியீடும் இந்தியச் சட்ட வரலாறும்

முன்னுரை

அணுபுரம், கல்பாக்கம், மாமல்லபுரம் உள்ளிட்ட செங்கல்பட்டுக் கடற்கரைப் பகுதியினர்க்கு எட்டும் தொலைவில் இரு பழைய புற்றுநோய் மருத்துவ நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம். மற்றொன்று, அறிஞர் அண்ணாவின் நினைவாகக் காஞ்சிபுரத்தில் 1969இல் அமைந்த அரசு மருத்துவமனை. இத்தகைய நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் உயிர்பிழைத்தோர் எண்ணிக்கையால் எழுதப்படுகிறது. நோயாளியின் வலி எந்த அளவுக்குத் தணிக்கப்பட்டது என்பதை அளக்கும் முறையும், அம்முறை இந்தியச் சூழலில் உணர்த்தும் பொருளும் இங்கு ஆராயப்படுகின்றன.

குறியீட்டின் அமைப்பு

உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படிகள் கொண்ட வலிநிவாரண ஏணியை வெளியிட்டது. அதனை அடியொற்றி, சார்லஸ் கிளீலண்டும் அவர்தம் குழுவினரும் 1994இல் வலி மேலாண்மைக் குறியீட்டைப் பயன்படுத்தினர். மருந்தின்மைக்கு 0, பாராசிட்டமால் போன்றவற்றுக்கு 1, கோடீன் போன்ற மென் அபினி மருந்துகளுக்கு 2, மார்பின் போன்ற வன் மருந்துகளுக்கு 3 என மதிப்பிடப்படும். வலியும் அவ்வாறே 0 முதல் 3 வரை வகுக்கப்படும். மருந்து மதிப்பிலிருந்து வலி மதிப்பைக் கழித்துவரும் எண் எதிர்மறையாயின் சிகிச்சை போதாதது என்பது பொருள். கடும் வலியுற்றவர்க்குப் பாராசிட்டமால் மட்டும் தரப்படின் குறியீடு –2 ஆகும். அமெரிக்காவில் 1,308 புறநோயாளிகளிடம் நடந்த அவ்வாய்வில், வலியுற்றோருள் 42 விழுக்காட்டினர் போதிய மருந்து பெறவில்லை.

சட்டமும் மார்பினும்

ஏணி வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில், 1985இல், இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குறைந்தது பத்தாண்டுச் சிறை என்னும் தண்டனையும் மாநிலந்தோறும் வேறுபட்ட பல உரிமங்களும் மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் மார்பினிலிருந்து விலகச் செய்தன. 1997க்குள் நாட்டின் மார்பின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து 18 கிலோவாயிற்று. அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாட்டில் இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. ஏணியின் மூன்றாம் படியே இல்லாத மருத்துவமனையில் கடும் வலியுற்றவரின் குறியீடு எவ்வாறும் எதிர்மறையாகவே அமையும். எனவே அவ்வெண் மருத்துவரின் திறனைவிடச் சட்டத்தின் விளைவையே காட்டியது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், இன்றியமையாப் போதைமருந்துகள் என்னும் வகையை உருவாக்கி, நாடு முழுமைக்கும் ஒரே விதிமுறைக்கு வழிவகுத்தது.

குறியீட்டின் எல்லை

இக்குறியீடு எழுதப்பட்ட மருந்துச் சீட்டையே அளக்கிறது. மருந்தின் அளவையோ, அது நோயாளியின் கைக்குக் கிடைத்ததையோ அன்று. மேலும், வலியை எண்ணாகக் கூறுவது மொழியைச் சார்ந்தது. வலி வினாநிரலின் இந்தி வடிவம் 1999இல் சரிபார்க்கப்பட்டது இதனால்தான். குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு எனப் பிரித்துரைக்கும் தமிழ் நோயாளியிடம் ஓர் எண்ணை மட்டும் கேட்பது போதாது.

முடிவுரை

எதிர்மறை எண் ஒரு குறைபாட்டை உணர்த்தும். அதன் காரணத்தை உணர்த்தாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வலிநிவாரணப் பராமரிப்பை வீட்டிற்கே கொண்டுசெல்லும் இந்நாளில், சீட்டில் எழுதிய மருந்தோடு நோயாளி பெற்ற தணிவையும் சேர்த்து அளப்பதே முறையாகும்.