கால் போன போக்குக்கு ஓர் இரங்கல்

ஹைதராபாத் கௌலிகுடாவில் பழைய பேருந்து நிலையத்தின் இரும்புக் கொட்டகை 2018 ஜூலை 5 அன்று சரிந்து விழுந்தது. பேருந்துகளை முன்பே அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. நிஜாம் அரசின் ரயில்வே 1932இல் 27 பேருந்துகளோடு சாலைப் போக்குவரத்தைத் தொடங்கிய காலத்துக் கொட்டகை அது. மூசி ஆற்றுத் திட்டில் மகாத்மா காந்தி பேருந்து நிலையம் 1994இல் வரும்வரை, வெளியூர் போக நினைத்தவர்கள் அதன் கீழே நின்றுதான் போனார்கள். கொட்டகை விழுந்ததற்குப் பலரும் வருத்தப்பட்டார்கள். அதன் நிழலில் வளர்ந்த ஒரு பழக்கம் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. அதற்கு யாரும் இரங்கல் எழுதவில்லை.

எங்கே போவது என்று தீர்மானிக்காமலே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிற பழக்கம் அது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் தோளில் ஒரு பை, அதற்குள் ஒரு துண்டு, ஒரு மாற்றுத் துணி. ஊர் எதுவென்று பேருந்து நிலையத்துக்குப் போன பிறகுதான் முடிவாகும். எந்த வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருக்கிறதோ, எதில் சன்னலோரம் காலியாக இருக்கிறதோ, அந்த ஊர்.

நான் பீதரைப் பார்த்தது அப்படித்தான். நிலையத்தில் முதலில் ஏறப் பார்த்தது ஸ்ரீசைலம் வண்டி. அந்த வண்டியிலோ சன்னல் வழியே துண்டும் கைக்குட்டையும் போட்டு எல்லா இடத்தையும் பிடித்துவிட்டார்கள். பக்கத்து வண்டியின் நடத்துநர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் ஊன்றிக்கொண்டு "பீதர், பீதர், பீதர்" என்று கூவிக்கொண்டிருந்தார். ஏறிவிட்டேன். இரவில் இறங்கி, சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஒரு டீக்கடையில் கேட்டதற்கு, குருத்வாரா இருக்கிற பக்கம் கை காட்டினார்கள். நானக் ஜீரா சாகிப். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பந்தியில் தரையில் உட்கார்ந்தேன். ரொட்டி பரிமாறிய பெரியவர் தட்டில் போடவில்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தச் சொல்லி, சுடச்சுட அதில் வைத்தார். பேர் என்ன, எதற்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு தெரு திரும்பியதும் எதிரே பஹ்மனி அமைச்சர் மஹ்மூத் கவானின் மதரஸா நின்றது. 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இடிந்தது போக எஞ்சிய ஒற்றை மினாரில் நீலமும் பச்சையுமாக மெருகு ஓடுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் அதைப் பார்த்தேன். நூறு படங்களில் பார்த்துவிட்டுப் போய்ப் பார்ப்பவருக்கு அந்தத் திகைப்பு வராது.

சொல்லாமல் வருகிறவர்களுக்கு இடம் வைத்தே ஹைதராபாத் நகரம் கட்டப்பட்டது. கோல்கொண்டாவுக்குப் போகும் வழியில் ஷேக்பேட்டில் குதுப் ஷாஹி மன்னர்கள் காலத்துச் சராய் ஒன்று இருக்கிறது. இரண்டு அடுக்கு, வருகிறவர்களுக்கு அறைகள், அவர்கள் கொண்டுவரும் குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் லாயம். மசூலிப்பட்டினம் சாலையில் அரசி ஹயாத் பக்ஷி பேகம் கட்டிய மசூதியைச் சுற்றி நாற்புறமும் பயணிகளுக்கான அறைகள். அந்த இடம்தான் இன்றைய ஹயாத்நகர். பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே, ஹைதராபாத் புறநகரின் மசூதிகளில் வெளியூர்க்காரர்கள் தங்குவதைக் குறித்து வைத்திருக்கிறார். நாம்பள்ளி ரயில் நிலையம் 1907இல் வந்தது. அதற்கு எதிரே நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1919இல் ஒரு சராய் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் செய்த வேலையைத்தான் அதுவும் செய்தது. ரயிலைவிட்டு இறங்கியவன் தெருவைக் கடந்தால் படுக்க இடம் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் ஒருவன் கையை வீசிக்கொண்டு கிளம்ப முடியும்.

இந்தப் பழக்கத்தைக் கொன்ற கை ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் நியாயமும் உண்டு. 2007 ஆகஸ்ட் 25 அன்று லும்பினி பூங்காவிலும் கோகுல் சாட் கடையிலும் குண்டு வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பார்த்த ஊரில், முன்பின் தெரியாதவனுக்கு அறை கொடுக்க விடுதிக்காரர் தயங்கினால் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்ரீசைலம் சாலையில் மன்னனூர்ச் சோதனைச் சாவடியை இரவில் மூடுவது புலிகளுக்காக, அதுவும் சரிதான். ரயிலின் முன்பதிவுப் பெட்டிகளில் 2012 டிசம்பர் முதல் அடையாள அட்டை கட்டாயம். காத்திருப்புப் பட்டியல் சீட்டோடு ஸ்லீப்பரில் ஏறி, டி.டி.இ.யிடம் பேசிப் பார்க்கிற காலமும் முடிந்தது. இரண்டு மாதம் முன்பே பயணத்தை முடிவு செய்தவனுக்கே படுக்கை. மிச்சமிருப்பது ஜெனரல் பெட்டி; அதில் காலை வைக்கவே மல்யுத்தம் செய்ய வேண்டும்.

கைபேசி வந்த பிறகு நினைத்த மாத்திரத்தில் வண்டியும் அறையும் கிடைக்கின்றனவே என்று என் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கிடைக்கின்றன. ஆனால் எந்தச் செயலியைத் திறந்தாலும் அது கேட்கிற முதல் கேள்வி, எங்கே போக வேண்டும் என்பது. நாங்கள் கடைசியாகச் சொன்ன பதிலை அது முதலில் கேட்கிறது. அந்தப் பதில் இல்லாதவனுக்கு அடுத்த பக்கம் திறக்காது. பதில் சொன்ன நிமிடமே அந்த ஊரின் படமும் சாப்பாட்டுக் கடையும் மதிப்பெண்ணும் வந்து குவிந்துவிடுகின்றன. பார்க்கப் போகும் முன்பே பார்த்து முடிந்துவிடுகிறது.

இறந்ததைப் பற்றிப் பேசும்போது நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சுகம் பெரும்பாலும் ஆண்களுக்கே வாய்த்தது. பீதரில் இரவில் ஒரு பெண் தனியாக இறங்கி டீக்கடையில் வழி கேட்டிருக்க முடியுமா? என் அக்காள்கள் ஒருத்தியும் ஒருநாளும் அப்படிக் கிளம்பியதில்லை. கிளம்ப ஆசை இல்லாமல் அல்ல.

இப்போது தெலங்கானாவில் பெண்களுக்கு அரசின் சாதாரண, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் கட்டணம் கிடையாது. 2023 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையில் அடையாள அட்டை ஒன்று இருந்தால் போதும். நிற்கிற வண்டியில் ஏறி வரங்கலுக்கோ நிஜாமாபாத்துக்கோ அதிலாபாத்துக்கோ போய்விடலாம். எங்களுக்குக்கூட வாய்க்காத சலுகை இது. ஆனால் இருட்டியதும் எங்கே தங்குவது என்ற கேள்வி அவர்களைச் சாயங்கால வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

நாம்பள்ளிச் சராய் பல காலமாகச் சிதைந்து கிடக்கிறது. அதில் எஞ்சியிருக்கும் அறைகளைச் செப்பனிட்டு, முன்பதிவு கேட்காமல், தனியே வருகிற பெண்களுக்கு ஓர் இரவு தங்கக் கொடுக்கலாம். ஒவ்வொரு மாவட்டப் பேருந்து நிலையத்தின் பக்கத்திலும் அப்படிச் சில அறைகள் போதும். பேருந்தை இலவசமாக விட்ட அரசு இதையும் செய்ய வேண்டும்.