கற்றை மாறும், திறன் பின்தங்கும்: 5ஜி மேலிணைப்பில் சமிக்ஞைச் சுமை

மில்லிமீட்டர் அலையில் கைபேசி எல்லாத் திசைகளிலும் பேச முடியாது. தொலைவு கூடக் கூட அலை வெகுவாகத் தேய்ந்துபோகும். ஆகவே தளநிலையமும் கைபேசியும் தத்தம் ஆற்றலைக் குறுகிய பீமாகக் குவித்து ஒன்றையொன்று நோக்க வேண்டியிருக்கிறது. (தமிழ் இதழ்களில் ‘அலைக்கற்றை’ என்ற சொல் ஸ்பெக்ட்ரத்துக்கு வழங்கிவிட்டதால், பீமை இங்கே வெறும் ‘கற்றை’ என்கிறேன்.) எந்தக் கற்றையில் அனுப்புவது, எவ்வளவு திறனில் அனுப்புவது என்று தளநிலையம் கைபேசிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதில் ஆகும் செலவே சமிக்ஞைச் சுமை. 5ஜி தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 16, 17-ஆம் வெளியீடுகள் இச்சுமையை நன்றாகவே குறைத்தன. ஆனால் குறைந்தது செய்திகளின் சுமை மட்டுமே. அளவீட்டுக்கான காத்திருப்பு அப்படியே இருக்கிறது. மிச்சப்படுத்திய செய்திகளில் ஒரு பகுதியை அது வேறு வழியில் திரும்பக் கொண்டுவருகிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

கற்றையையும் திறனையும் ஏன் பிரிக்க முடியாது? மேலிணைப்பில், அதாவது கைபேசியிலிருந்து தளநிலையத்துக்கு அனுப்பும் திசையில், கைபேசி தன் திறனைக் கணிப்பது முக்கியமாக மூன்று கூறுகளால்: தளநிலையம் விரும்பும் இலக்குத் திறன், பாதை இழப்பை ஈடுசெய்யும் பங்கு, தளநிலையம் அவ்வப்போது அனுப்பும் திருத்தம். பாதை இழப்பு கற்றைக்குக் கற்றை மாறும். கற்றையை மாற்றிவிட்டுப் பழைய கற்றையின் இழப்பையே கணக்கில் வைத்திருந்தால் திறன் தவறும்.

15-ஆம் வெளியீடு இவ்விரண்டையும் வெவ்வேறு அடுக்குகளில் வைத்தது. தடத்தை அளப்பதற்காகக் கைபேசி அனுப்பும் எஸ்ஆர்எஸ் சமிக்ஞைக்கான பாதை இழப்புக் குறிப்பை (இழப்பை அளக்கக் கைபேசி கவனிக்கும் சமிக்ஞையை) மெதுவான ஆர்ஆர்சி மறுவமைப்பால்தான் மாற்ற முடியும். மேலிணைப்புக் கட்டுப்பாட்டுத் தடத்தின் கற்றையை விரைவான மேக் அடுக்குக் கட்டளையால் மாற்றலாம், ஆனால் அத்தடத்தின் ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு கட்டளையாக. ஒரு கட்டளை 24 பிட். அலைவரிசைப் பகுதி ஒன்றில் 128 வளங்கள் வரை அமைக்கலாம். உச்ச நிலையில், ஒரே ஒரு கற்றை மாற்றத்துக்குத் தலைப்புகள் நீங்கலாக 3,072 பிட்கள். எந்தக் கைபேசிக்கும் நடைமுறையில் அத்தனை வளங்கள் தரமாட்டார்கள்தான். ஆயினும் ஒரே செய்தியைப் பலமுறை சொல்லவைக்கும் வடிவமைப்பு அது.

16-ஆம் வெளியீடு அந்த வளங்களை நான்கு குழுக்கள் வரை தொகுத்து, குழுவுக்கு ஒரு கட்டளை போதும் என்றாக்கியது. அதைவிட அழகான தீர்வு அதிலேயே வேறொன்று உண்டு: தளநிலையம் எதுவுமே சொல்லாவிட்டால், மிகக் குறைந்த எண்ணுள்ள கட்டுப்பாட்டு வளத்தொகுதியைப் பெறும் கற்றையையே கைபேசி மேலிணைப்புக்கும் பாதை இழப்புக்கும் கொள்ளலாம். கைபேசி தானே அறிந்துகொள்ளக்கூடியதை எதற்குச் சொல்ல வேண்டும்? சுமைக் குறைப்பில் இதைவிடச் சிறந்த சிந்தனையை நான் கண்டதில்லை. 17-ஆம் வெளியீட்டின் ஒருங்கிணைந்த டிசிஐ (TCI) நிலை இன்னும் ஒரு படி மேலே போனது. கற்றை, இலக்குத் திறன், ஈடுசெய் பங்கு, பாதை இழப்புக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே நிலையோடு இணைத்தது. எட்டு நிலைகளில் ஒன்றைச் சுட்ட மூன்று பிட் போதும்.

செய்தி சுருங்கியது. அளவீடு சுருங்கியதா? 16-ஆம் வெளியீட்டின்படி, மேக் கட்டளையால் தரப்படும் புதிய பாதை இழப்புக் குறிப்பைக் கைபேசி ஏற்கெனவே பின்தொடரவில்லையென்றால், ஐந்தாவது அளவீட்டுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும். இந்த அளவீட்டுக்குப் பயன்படும் ஒத்திசைவுத் தொகுதி வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒருமுறை வருவதால் காத்திருப்பு சுமார் 100 மில்லிநொடி. ஆறு பாகை அகலமுள்ள கற்றை 20 மீட்டர் தொலைவில் சுமார் 2 மீட்டரைத்தான் மூடும். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி அதை 200 மில்லிநொடியில் கடந்துவிடும். கற்றையின் ஆயுளில் பாதி, தவறான இழப்புக் கணக்கிலேயே கழிகிறது.

அந்தப் பாதி ஆயுளில் நடப்பதைப் பார்ப்போம். புதிய கற்றை பழையதைவிட 6 டெசிபெல் நல்லது, இழப்பு முழுவதும் ஈடுசெய்யப்படுகிறது என்று கொள்வோம். கைபேசி 6 டெசிபெல் கூடுதலாகக் கத்தும்; அண்டைச் செல்லில் இடையூறு. தளநிலையம் திருத்தக் கட்டளை அனுப்பும். கூட்டுமுறைத் திருத்தத்தில் ஒரு கட்டளையின் மதிப்புகள் -1, 0, +1, +3 மட்டுமே. ஏற்ற இரண்டு கட்டளைகள் போதும்; இறக்க ஆறு வேண்டும். ஆறும் போன பிறகு புதிய இழப்பு மதிப்பு நடைமுறைக்கு வருகிறது. சேர்ந்துவிட்ட -6 கூட்டில் அப்படியே நிற்பதால் இப்போது திறன் 6 டெசிபெல் குறைவு. மீட்க மேலும் இரண்டு. ஆக, கற்றைக் கட்டளையில் மிச்சப்படுத்தியவர்கள் எட்டுத் திருத்தக் கட்டளைகளைச் செலவிடுகிறார்கள். சுமையை அளக்கும் ஆய்வுகள் கற்றைச் செய்தியையும் திருத்தச் செய்தியையும் தனித்தனியே எண்ணினால் இந்தக் கசிவு கண்ணில் படாது. இரண்டையும் ஒரே கணக்கில் எண்ண வேண்டும்.

ஓரிடத்தில் நிலையாகப் பொருத்திய வீட்டு இணைய ஏற்பிக்கு இவ்வாதம் அவ்வளவாகப் பொருந்தாது; அங்கே கற்றை அரிதாகவே மாறும். இன்னொரு எல்லையும் உண்டு. விரல் ஆன்டெனாவை மறைக்கும்போது, தோலில் விழும் கதிர்வீச்சின் வரம்புக்காகக் கைபேசி அந்தத் திசையில் திறனைத் தானே குறைத்தாக வேண்டும். கீழிணைப்புக்கு அதே கற்றை சிறந்ததாகவே இருக்கலாம், மேலிணைப்புக்கு வேறு கற்றை தேவை. இருவழிக்கும் ஒரே நிலை என்ற சிக்கனம் இங்கே உடைகிறது. 17-ஆம் வெளியீடு மேலிணைப்புக்குத் தனி நிலையையும் அனுமதித்தது சரியான முடிவு. அதைப் பயன்படுத்தாமல் விட்டுச் சுமை குறைந்தது என்று சொல்வது கணக்காகாது.

கைபேசி ஒரே நேரத்தில் பின்தொடரும்படி 16-ஆம் வெளியீடு எதிர்பார்க்கும் பாதை இழப்புக் குறிப்புகள் நான்குதான். அந்த நான்கில் எவை இருக்க வேண்டும் என்பதிலேயே அடுத்த முன்னேற்றம் இருக்கிறது என்பது என் கருத்து. தற்போதைய கற்றையும், பயணப் பாதையில் அடுத்து வரக்கூடிய மூன்றும் அதில் இருந்தால் மாற்றத்தின்போது காத்திருக்க வேண்டியதில்லை. 19-ஆம் வெளியீட்டில் கீழிணைப்புக் கற்றையை முன்கணிக்க வகுத்த செயற்கை நுண்ணறிவு முறைகளை இந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்தலாம். கணிப்பு தவறினால் இழப்பது 100 மில்லிநொடி, அதாவது இன்று ஒவ்வொரு முறையும் இழப்பது. மாற்று வழியும் இருக்கிறது: 5 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் தனிக் குறிப்புச் சமிக்ஞையைத் தந்தால் காத்திருப்பு 25 மில்லிநொடியாகும். ஆனால் 64 கற்றைகளுக்கும் அதைத் தர எந்தத் தளநிலையத்தாலும் இயலாது. முன்கணித்த மூன்றுக்குத் தர இயலும்.