ஏரிமேல் ஒரு கடைத்தெரு

எங்கள் ராஜகுளத்தில் நடைபாதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. தார் முடிந்தால் மண். வண்டி வந்தால் மண்ணில் இறங்கிக்கொள்வோம், அவ்வளவுதான். சென்னை பாண்டி பஜாரும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது என்றால் நம்புவீர்களா?

1920களில் மயிலாப்பூர் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது தியாகராய நகர். அதன் தியாகராயர் சாலையில் வளர்ந்த கடைத்தெருவுக்கு நீதிக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனாரின் பெயர். அது வாய்வழக்கில் 'பாண்டி'யாகச் சுருங்கியது. பிறகு கார்கள் வந்தன. ஓரத்தை அவை பிடித்துக்கொள்ள, நடப்பவர்கள் பஸ்ஸுக்கு நடுவே நெளிந்து போனார்கள்.

2014இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கை வகுத்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிப் பாதையைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கினார்கள். சாலை குறுகினால் வேகம் தானாகவே குறையும். பாட்டி ஒருத்தி கடக்கவேண்டிய தூரமும் குறையும். கார் நிறுத்த இடமில்லாமல் யார் வருவார்கள் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள், உட்கார பெஞ்ச் கிடைக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. அதற்கு 6 வருடம் முன்பே, 2013இல், அங்கே வளையலும் கர்ச்சீப்பும் ஹேர்கிளிப்பும் விற்ற தெருவோர வியாபாரிகளை மாடிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தெரு வியாபாரிகளைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டம் வந்தது அடுத்த வருடம். அகலமான நடைபாதை வந்தபோது அவர்கள் அதில் இல்லை. ஹேர்கிளிப் வாங்க மாடிப்படி ஏறுகிறவர் யார்?